முற்றுப்புள்ளிப் பயிற்சி

மாதேஸ்வரிக்கு ஆங்கிலத்தில் எழுத்து தெரியும், சொல் தெரியும், வாக்கியம் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியும். பொருள் மட்டும் கல்லாவி டவுன் பஸ் மாதிரி, எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வந்து நிற்கும். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து, ஓசூர் கம்பெனியில் இரும்புப் பாகங்களைத் துடைத்து அடுக்குகிறவளுக்கு அதுவே பெரிது. குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் இங்கிலீஷ் வகுப்பு. தேறினால் கான்ட்ராக்டிலிருந்து பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. பெரிய எழுத்தில் தொடங்கு, கமா போடு, புள்ளி வை, இவ்வளவுதான் பாடம். தூக்கம் கண்ணைச் சொருகினாலும் அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. விடுகிற நிலைமையா அது? அதே கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிய தம்பி ஆனந்தராஜின் வலக்கை விரல்கள் இரண்டு போய்விட்டன. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் பழுதாகிக் கிடந்தது லைனில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி நஷ்டஈடு தரும், இந்தக் கைக்கு ஏற்ற வேறு வேலையும் தரும் என்று நம்பி அவன் அக்காவின் வாடகை வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை வழக்கமான டீச்சர் வரவில்லை. எச்.ஆர். ஆபீசர் ஹரீஷ்குமாரே வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். புள்ளி, கமா, பெரிய எழுத்து எதுவும் இல்லாத ஒரு பத்தி.

“இதைத் திருத்தி இன்னொரு பேப்பர்ல நீட்டா எழுதுங்க. கீழ பேரு, டோக்கன் நம்பர், கையெழுத்து. இன்னிக்கு மார்க் உண்டு.”

மார்க் என்றதும் மாதேஸ்வரிக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. மெஷின், ஆபரேட்டர், ஹேண்ட் என்ற சொற்கள் கண்ணில் பட்டபோது நெஞ்சில் சுருக்கென்றது உண்மை. ஏதோ பாதுகாப்புப் பாடம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு புள்ளி வைக்கப் போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய சுஜாதா தடுமாறியபோது தன் தாளைச் சாய்த்துக் காட்டவும் செய்தாள். வாங்கிப் பார்த்த ஹரீஷ்குமார், “வெரி குட், ஒரு தப்புகூட இல்ல” என்றார். பாவி, வீடு வந்து தம்பியிடமே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அடுத்த வாரம், விபத்து பற்றிக் கம்பெனி வைத்த விசாரணைக்குத் தம்பியோடு போனாள். மேசையில் ஒரு தாள் கட்டு இருந்தது.

“நஷ்டஈடு கெடையாது ஆனந்தராஜ். கூட வேலை செய்யறவங்களே சாட்சி எழுதிக் குடுத்திருக்காங்க” என்றார் ஹரீஷ்குமார். “மேல இருக்கறது உங்க அக்கா எழுதுனது.”

மாதேஸ்வரி தாளை எட்டிப் பார்த்தாள். “அதுங்க... கிளாஸ்ல வெச்ச பரீட்சைங்க சார். நீங்க குடுத்ததுதானுங்களே?”

“எழுத்து உங்களுதா, இல்லையா? கையெழுத்து?”

இரண்டும் அவளுடையதுதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். கூட எழுதியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் அத்தனை பேருக்கும் பெர்மனென்ட் ஆசை. ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே அந்த இடத்தில் இருந்தால் போயிருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

ஆனந்தராஜ் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் ஓடாது.

“என்னக்கா எழுதியிருக்குது? தமிழ்ல சொல்லு.”

அவள் வாங்கிப் படித்தாள். இப்போது ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்லியாம். எத்தன தடவ சொல்லியும் கேக்காம, ஆபரேட்டர் வெளையாட்டா கைய உள்ள விட்டாராம். அத நான்... நான் கண்ணால பாத்தேனாம்.”

ஆனந்தராஜ் கட்டுப் போட்ட கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“பாத்தியாக்கா?” என்று கேட்டான்.