பட்டு மெத்தையில் கினிப்பன்றி

காலையில் கடையைத் திறந்ததும் தையல்காரம்மாவின் கை முதலில் கத்தரிக்கோலுக்குத்தான் போகும். இப்போதெல்லாம் கூண்டுக்குப் போகிறது. யாரோ ஆசைக்கு வாங்கி, சலித்ததும் செருப்புப் பெட்டியில் வைத்துக் குப்பைத்தொட்டி ஓரம் விட்டுப்போன, முயல்குட்டி போன்ற சின்னக் கினிப்பன்றி அதில் இருந்தது. விலங்குக் காப்பகத்தார் எடுத்து வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்தாள்.

காப்பகத்துப் பெண் வளர்க்கும் முறையைச் சொல்லத் தொடங்கியபோது, "மூணு பிள்ளைங்கள வளத்தவ நான், எனக்குத் தெரியாததா?" என்று கிளம்பிவிட்டாள். பாசத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வெட்டி மிஞ்சிய பட்டுத் துண்டுகளை ஓரம்கூட மடித்துத் தைக்காமல் அள்ளிக் கூண்டில் விரித்தாள்.

"மாப்பிள்ளைக்குக்கூட நீ இப்படி விரிச்சதில்லையே," என்றார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த புருஷன்.

ஒரு நாள் வைத்த கொத்தமல்லி வைத்தபடியே கிடந்தது. கினிப்பன்றி மூலையில் சத்தமில்லாமல் ஒடுங்கியிருந்தது. தூக்கிப் பார்த்தாள். பட்டிலிருந்து பிரிந்த நூல் பின்னங்கால் விரலைச் சுற்றி இறுக்க, விரல் கருத்துப்போயிருந்தது.

கால்நடை மருத்துவர் நூலை வெட்டினார். "உயிர் தப்பிச்சுடும். விரல்தான் சந்தேகம்."

"இவ்வளவு வலியில ஒரு சத்தம்கூட போடலையே டாக்டர்?"

"போடாதும்மா. காட்டுல வலியைக் காட்டினா, வேற மிருகம் வந்து அடிச்சுத் தின்னுடும். அதான் மறைச்சுக்கும். நாமதான் தினமும் தூக்கிப் பாக்கணும்."

விரலில் ஊசி குத்தினால் தெருவையே கூட்டுகிறவள் தையல்காரம்மா. இந்தச் சின்ன உடம்பு எப்படித்தான் தாங்கியதோ!

விரல் போயிற்று. அவள் பட்டுத் துண்டுகளையெல்லாம் அள்ளி எறிந்தாள். காப்பகத்துக்கு மறுபடி போய், இந்த முறை கடைசிவரை வாய் திறக்காமல் கேட்டாள். காய்ந்த புல், தினம் ஒரு துண்டு குடமிளகாய், துணைக்கு இன்னொரு கினிப்பன்றி என்று கூண்டே மாறியது.

ஒரு காலை அவள் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்த சத்தம் கேட்டதுதான் தாமதம், விரல் போன கினிப்பன்றி கம்பியைப் பிடித்து எழுந்து நின்று கீச்சென்று விசிலடித்தது. தனக்குக் கெடுதல் செய்த கையையே அப்படிக் கூப்பிட்டது. அவளுக்கு மெய்சிலிர்த்துக் கண் நிறைந்தது.

துணி கொடுக்க வந்தவள் அதைப் பார்த்து, "அழகா இருக்கேக்கா. பாப்பா பொறந்தநாளுக்கு ஒண்ணு வாங்கித் தரப்போறேன்," என்றாள்.

தையல்காரம்மா அதை மெல்லத் தூக்கி, விரல் போன காலைக் காட்டினாள்.

"இது என் பாசத்தால போன விரல்மா. பாசம் எல்லார்கிட்டயும் இருக்கு. இந்த உசுருக்கு என்ன வேணும்னு மொதல்ல கத்துக்கோ. அப்புறமா வீட்டுக்குக் கூட்டிட்டு வா."