பூஜை நாளில் பச்சை விளக்கு

ஆயுத பூஜையன்று காலையிலிருந்தே சுகப்பிரியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரகடத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் அவள் பொறுப்பு. போன வருஷம் வைரஸ் புகுந்து உற்பத்தி லைன் நின்றபோது, அந்த நாற்காலியில் அவளுக்கு முன்னால் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் கிளவுடில் இருந்தபடியே ராப்பகலாகக் காவல் காக்க வெளிக் கம்பெனி ஒன்று வேண்டுமாம். இரண்டு கம்பெனிகள் இலவசமாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தன. பூஜை முடிந்ததும் ஒன்றைச் சிபாரிசு செய்து அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

மேனேஜர் ராஜசேகருக்கு இதில் குழப்பமே இல்லை. ஒரு கம்பெனி அவருடைய மச்சானுடையது. "அதையே போட்டுடும்மா," என்று கண்ணில் பட்டபோதெல்லாம் சொன்னார். மச்சானுடைய சரக்கும் பார்க்க லட்சணம்தான். மொபைலில் திறந்தால் எல்லாம் சரி என்று வரிசையாகப் பச்சை விளக்கு. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மச்சான் தலையா உருளும்? உட்கார்ந்தாள், எழுந்தாள், வாழைமரம் கட்டிய வாசலுக்கும் சர்வர் அறைக்குமாக நடையாய் நடந்தாள்.

கடைசித் தடவை போனபோது சர்வர் அறையில் சத்தமே இல்லை. எலக்ட்ரீஷியன் நடேசன் ஒவ்வொரு பெட்டிக்கும் நிதானமாகச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதையுமா ஆஃப் பண்ணிட்டீங்க?"

"இதுவும் ஆயுதம்தானேம்மா? ஓடிக்கினு இருக்கசொல்ல பொட்டு வெக்கலாமா? அதுக்கும் இன்னிக்கு லீவு வுடு."

திட்ட வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. இன்னொரு கம்பெனியின் கவியா.

"மேடம், உங்க பிளாண்ட்ல இருந்து சிக்னல் ஒண்ணுமே வரலையே. கரண்ட் போச்சா, இல்ல யாராவது உள்ள பூந்துட்டாங்களா?"

அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு, சுகப்பிரியா மொபைலில் மச்சான் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் பச்சை. 'அனைத்தும் நலம்' என்றது. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். அப்போதும் பச்சைதான். மச்சானிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது.

நேராகப் போய் மொபைலை ராஜசேகர் முன்னால் நீட்டினாள்.

"எல்லாம் நல்லாத்தானே கீது?" என்றார் அவர், பொரியை மென்றபடி.

"நடேசண்ணன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆச்சு சார். நான் அடுத்தவங்க பேரைத்தான் எழுதப்போறேன்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "மச்சானுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நம்ம கம்பெனி நின்னு கெடக்குன்னு சொல்லுங்க சார். அவருக்கு இன்னும் தெரியாது."