மூன்றாம் மாடிச் சன்னல்

சிராகூசா நகரத்து மாலைப் பள்ளியில், ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். பழைய காலத்துப் பேச்சாளர்களின் உத்தி ஒன்றைக் கொஞ்செத்தா டீச்சர் அங்கே சொல்லிக்கொடுத்தார். பேச வேண்டியதை மனத்துக்குள் ஒரு வீட்டில், வாசலில் ஒன்று, படியில் ஒன்று என்று வைத்துவிட வேண்டும். பேசும்போது அந்த வீட்டுக்குள் நடந்தால் போதும்.

"மூலைமுடுக்கெல்லாம் தெரிஞ்ச வீடா எடுத்துக்குங்க, சாரோ" என்றார் என்னிடம்.

நான் குடியிருப்பது ஒற்றை அறை. எனக்கு மூலைமுடுக்கு தெரிந்த வீடு, பதினான்கு மாதம் கல் சுமந்து கட்டிய அந்த மூன்று மாடி வீடுதான். கொத்தன் நூன்சியோ மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து செத்ததும் அங்கேதான். கையில் பூச்சுக் கரண்டி இருந்தாலும் கல் இடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் நகரமாட்டான்.

விசாரணைக்கு நான் ஒருவன்தான் சாட்சி. மேஸ்திரி அல்ஃபியோ காப்பிக் கடையில் தோளில் கை போட்டான்.

"சாரோ அண்ணே, விழாம இருக்க பெல்ட் குடுத்தோம், அவனே கழட்டிப் போட்டுட்டான். அவ்வளவுதான். இதைக்கூட மனப்பாடம் பண்ண முடியலைன்னா இந்த வயசுல என்ன பள்ளிக்கூடம்?"

"அவன் பொண்டாட்டி மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"அவளா உனக்கு நாளைக்கு வேலை தரப் போறா?"

பெல்ட் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் இந்த முதுகை வைத்துக்கொண்டு வேறு எவனிடம் போய் வேலை கேட்பேன்? பொய்யை எடுத்துப்போய் மனத்துக்குள் அந்த வீட்டில் அடுக்கினேன். பெல்ட்டைப் படிக்கட்டுச் சுவரின் ஆணியில். கழற்றியதை இரண்டாம் மாடியில். கால் வழுக்கியதை மூன்றாம் மாடிச் சன்னலில்.

மறுநாள் ஒத்திகை பார்க்கப் போனால் ஆணியில் பெல்ட் இல்லை. கீழ்ப்படியில் நூன்சியோ உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தான். பெல்ட்டை மறுபடி மாட்டினேன். அடுத்த நாளும் ஆணி வெறுமை. அவன் நாலு படி மேலே போயிருந்தான். பிறகு இரண்டாம் மாடி. என் பக்கம் திரும்பவே இல்லை.

விசாரணை அன்று அவன் சன்னல் கட்டையில் நின்றான்.

"பெல்ட் குடுத்தாங்களா?" என்றார் நீதிபதியம்மா.

அவன் ஒரு காலைத் தூக்கினான். நான் சொல்லப்போகும் சொல்லுக்குத்தான் காத்திருந்தான்.

"ஆணி வெறுமையா இருக்குங்கம்மா."

"எந்த ஆணி?"

"பெல்ட் மாட்டுற ஆணி. அன்னைக்கும் வெறுமைதான். யாருக்குமே பெல்ட் குடுக்கல. அவன் எதையும் கழட்டல."

வெளியே வந்ததும் அல்ஃபியோ சிரித்தான். "இனிமே உன் எழுத்தே உனக்கு ரொட்டி போடட்டும்."

வேலை போயிற்று. ஒரு வாரம் கழித்து, பள்ளிப் பாடம் ஒன்றை வைக்க அந்த வீட்டுக்குள் போனேன். படியில் யாரும் இல்லை. மூன்றாம் மாடியில் சன்னலைக் காணோம். அந்த இடத்தில் உள்ளிருந்து கல் அடுக்கிப் பூசியிருந்தது. பூச்சு இன்னும் ஈரம். கல் இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கட்டைவிரல் தடம்.