எண்பத்தைந்து பிழைகள்

மரினாவின் வேலை பிழை பிடிப்பது. டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் மருந்துப் போத்தல்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக அவள் மூடிகளை அளந்துகொண்டிருக்கிறாள். அளவு பிசகிய மூடி சிவப்புப் பெட்டிக்குள் போகும். எந்த அச்சில் வார்த்தது, எந்தப் பக்கம் பிசகியது என்று எழுதி முடிக்கும்வரை அந்தப் பெட்டியை யாரும் கொட்டக்கூடாது. காரணம் பிடிபடாவிட்டால் இரண்டு அச்சுகளை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பிழை அச்சின் பின்னால் போனால் குற்றம் அச்சில். நின்ற இடத்திலேயே நின்றால் குற்றம் இயந்திரத்தில்.

இப்படிப்பட்டவள் சனிக்கிழமைகளில் ரயிலேறி ஒடென்சேக்கு குவாண்டம் கணினி பழகப் போகிறாள் என்பதை ஹோர்சன்ஸ் தமிழர்கள் இன்னும் முழுதாக நம்பவில்லை. கோயிலில் பாட்டுப் பயிற்சிக்கு ஏன் வருவதில்லை என்று விமலராணி அன்ரி கேட்டார். அவள் காரணத்தைச் சொன்னாள்.

"உள்ள கொம்பியூட்டரே காணும், இன்னொண்டு என்னத்துக்குப் பிள்ளை" என்றார் அன்ரி.

வகுப்பில் பன்னிரண்டு பேர். ஆறு பேர்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அங்கே ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் உண்மையான இயந்திரம் கையில் கிடைக்கும். மரினாவுக்கு அந்த இரண்டு மணி நேரம் வேண்டும். வேறெதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஆறு பேரையும் தெரிவு செய்வது ஆசிரியர் ஜோனாஸ். கடைசி நாளில் விருந்தினர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் முடிவை ஒரு படமாகச் சுவரில் ஒட்டவேண்டும்.

பயிற்சி எளிமையானது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான கியூபிட்டுகளில் இரண்டைப் பிணைத்து அளக்கவேண்டும். தனித்தனியே எது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் சேர்ந்தே வரும்: இரண்டும் பூச்சியம், அல்லது இரண்டும் ஒன்று. சாதாரணக் கணினியில் பாவனையாக ஓட்டிய பதினொரு பேருக்கும் அப்படியே வந்தது. மரினா மட்டும் தன் நிரலை இணையம் வழியாக உண்மையான இயந்திரத்துக்கு அனுப்பினாள். கணக்கு வைத்திருக்கும் யாருக்கும் மாதம் பத்து நிமிடம் இலவசம். முக்கால் மணி நேரம் வரிசையில் காத்திருந்தபின் ஆயிரம் அளவுகள் வந்தன. அவற்றில் எண்பத்தைந்து சேராதவை.

ஜோனாஸ் குனிந்து திரையைப் பார்த்தான். "இது இரைச்சல், தற்செயலாக வரும் பிழை. இதை நீக்கிவிட்டுப் படத்தைப் போடு."

"எண்பத்தைந்தில் எழுபத்தொரு தடவை இடப்பக்கத்தது பூச்சியம், வலப்பக்கத்தது ஒன்று. மற்றப் பக்கமாகப் பதினாலு தடவைதான்" என்றாள் மரினா. "இரைச்சல் என்றால் ஏன் ஒரே பக்கம் சாய்கிறது?"

"விருந்தினர்கள் இதைப் பார்த்தால் குழம்பிப்போவார்கள், மரினா."

"குழம்பட்டும்."

இடப்பக்கத்தில் இருந்தது ஐந்தாம் இலக்கக் கியூபிட், வலப்பக்கத்தில் நான்காம் இலக்கம். பாடத்தாள் அந்த இரண்டைத்தான் எடுக்கச் சொல்லியிருந்தது. மரினா அவற்றை இடம் மாற்றிப் போட்டு மறுபடி அனுப்பினாள். இந்தமுறை பிழை வலப்பக்கம் சாய்ந்தது. அது ஐந்தின் பின்னாலேயே போயிருந்தது. தன் மதிப்பு ஒன்று என்றிருக்கும்போதும் பூச்சியம் என்று சொல்கிற ஒரு கோணல் அச்சு. ஐந்தைக் கழற்றிவிட்டு நான்கின் மறுபக்க அயலான மூன்றைப் பிணைத்தாள். பிழை முப்பத்தொன்றுக்கு இறங்கியது. மூன்று தடவை ஓட்டியதற்கு முழுதாக இரண்டு நிமிடம்கூடச் செலவாகவில்லை.

ஜோனாஸ் மூன்று படங்களையும் பார்த்தான். "இந்தக் கடைசிப் படம் நல்லது. இதை மட்டும் ஒட்டு."

"மூன்றையும் ஒட்டுவேன்."

"முதல் இரண்டும் எங்கள் பாடத்தாள் பிழை என்று சொல்லும்."

"ஓம்" என்றாள் மரினா. தமிழில்தான் வந்தது. அவனுக்கு அது விளங்கியது.

அன்று ரயிலில் தம்பி பிரெய்ன் தொலைபேசியில் வந்தான். அவனுக்கு ஓர்ஹூஸில் கணினி வேலை. அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, உனக்கென்ன விசரே? ஒரு படத்தை ஒட்டிப்போட்டு இடத்தை எடுக்கிறதுக்கு."

"மற்ற ரெண்டையும் எங்கை வைக்கிறது?"

"குப்பைக்குள்ளை போடு."

"எண்ணாமல் நான் ஒண்டையும் குப்பைக்குள்ளை போடுறேல்லை."

"உன்ரை மூடிக் கதையை அங்கையும் தொடங்கிட்டியா?" என்று பிரெய்ன் சிரித்தான். "இடம் போனா என்னட்டை அழக் கூடாது."

"உன்னட்டையோ? நீ ஏழாம் வகுப்பிலை கணக்குக்கு என்னட்டை அழுதனி."

கடைசிச் சனிக்கிழமை அவள் மூன்று படங்களையும் ஒட்டினாள். எண்பத்தைந்து பிழையுள்ள முதல் படத்தை ஆட்களின் கண்மட்டத்தில் ஒட்டினாள். விருந்தினர்கள் நின்றார்கள், கேட்டார்கள். ஜோனாஸ் பதில் சொல்ல வாயெடுத்தான்.

"என் படம். நான் சொல்கிறேன்" என்று மரினா அவனை நிறுத்தினாள். அச்சு மாற்றும் கதையிலிருந்து தொடங்கினாள்.

திங்கட்கிழமை ஆறு பெயர்கள் வந்தன. அவளுடையது இல்லை. இடைவேளையில் உடுப்பு மாற்றும் அறையில் நின்று அந்தப் பட்டியலை இரண்டு தடவை வாசித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மிச்ச மூடிகளை அளந்தாள்.

வியாழக்கிழமை இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பன்னிரண்டு பேருக்கும், இதே வகுப்பின் அடுத்த தொகுதியில் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்து ஜோனாஸ் அனுப்பியிருந்தான்: 'பாடத்தாள் திருத்தப்பட்டுள்ளது. இனி நான்கையும் ஐந்தையும் எடுக்காமல், மூன்றையும் நான்கையும் எடுக்கவும்.' காரணம் இல்லை. பெயரும் இல்லை.

மரினா அதைப் பிரெய்னுக்கு வாசித்துக் காட்டினாள்.

"அதை விடு அக்கா. நீ சொன்னது சரியெண்டு அவனுக்கே தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சாக் காணுமோ?"

அவள் 'எல்லோருக்கும் பதில்' என்பதை அழுத்தினாள். மூன்று படங்களையும் இணைத்தாள். டேனிஷில் ஒரு வரி எழுதினாள்: 'காரணம் இது. கண்டுபிடித்தது மரினா ஞானரட்ணம், தரக்கட்டுப்பாடு, ஹோர்சன்ஸ்.'

அனுப்பிவிட்டுத் தன் கணக்கைத் திறந்தாள். இந்த மாதத்தின் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. மூன்றையும் நான்கையும் பிணைத்தபோது வந்த முப்பத்தொரு பிழைகளை அவள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.