முல்லைக்குப் போட்ட உரம்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மலேசியாவில், ஈப்போவில் முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் ஆகாமல் இருந்த எனக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வந்த யாழ்ப்பாணத்து வரன் யசீகரன். முதல் மனைவி கம்சாயினி நோயில் இறந்து நான்கு வருடம் கழித்துத்தான் என்னைக் கட்டினார். அங்கே பென்ரோஸில் ஒரு கிடங்கில் வேலை. நல்ல மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

எங்கள் லின்ஃபீல்ட் வீட்டில் அவளுடைய பொருள் எதுவும் மிச்சமில்லை, பின்பக்கத்து மரத்தளமான டெக்கில் நின்ற முல்லைத் தொட்டியைத் தவிர. படுக்கையறை ஜன்னலை ஒட்டி மரச்சட்டம் அடித்து, தன் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துக் கொடியை அதில் கட்டிவைத்திருந்தாள். அவள் போனபிறகு அது ஒரு பூகூடப் பூக்கவில்லையாம்.

எனக்கு அந்தக் கொடியைப் பிடிக்கவில்லை. நான் வேலிப் பக்கமாகச் சுற்றிவிட்டால் இரண்டு நாளில் அவிழ்ந்து ஜன்னலை நோக்கித் திரும்பும். வெயில் அந்தப் பக்கம், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காலையில் திரையை விலக்கினால் கண்ணாடியில் முகம் ஒட்டியதுபோல் ஒரு தளிர் நிற்கும்.

ஆனாலும் வீம்பு யாரை விட்டது? அவளுக்குப் பிறகு பூக்காததை நான் பூக்கவைத்துக் காட்டவேண்டும். போன செப்டம்பரில் தொட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை எடுத்தேன். வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது, விரல் நுழையவில்லை. கத்தியால் ஓரத்தைக் கீறி, வேரைப் பிரித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். உரம் தேடிக் கராஜுக்குப் போனேன். செடிமண் மூட்டைக்குப் பின்னால் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. நம் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் என்றைக்கு ஐஸ்கிரீம் இருந்திருக்கிறது? என்னிடமே ஒன்றில் மிளகாய்த்தூள், ஒன்றில் கருவாடு. திறந்தேன். வெளிறிப்போய், நறநறவென்று ஒரு தூள். எலும்புத்தூள், பூக்கிற செடிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முழுவதையும் வேரடியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினேன். பெட்டியைக் கழுவி இட்லி மாவுக்கு வைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் பூத்தது. பூத்தது என்றால் அப்படியொரு பூப்பு, இலையே தெரியவில்லை. அறையெல்லாம் வாசம். அவர் வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டெக்கில் வெகுநேரம் நின்றார். நான் பெருமையில் மிதந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்.

“இஞ்சரும், டிக்கெட் போட்டிட்டன். வாற மாதம் ஊருக்குப் போறன். கீரிமலையில கொண்டுபோய்க் கரைக்கோணும்.”

“என்னாத்தங்க கரைக்கணும்?”

“கம்சாயினியின்ர சாம்பல். பாதியை இஞ்ச கடலில கரைச்சனாங்கள். மிச்சத்தைத் தன்ர ஊர்க் கடலிலதான் கரைக்கோணும் எண்டு கேட்டவள். வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதெண்டு கராஜில வச்சனான். ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள.”

காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்தது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் வேலைக்குப் போனதும் தொட்டியைத் தோண்டிப் பார்த்தேன். மெல்லிய வெள்ளை வேர்கள் அந்தத் தூளை இறுகக் கவ்விப் பிடித்திருந்தன. பிரித்து எடுக்க வழியில்லை. குளிர்காலத்தில் எரித்த கணப்படுப்பில் மிஞ்சிக் கிடந்த விறகுச் சாம்பலை அள்ளி வேறொரு பெட்டியில் அடைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கீரிமலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடுப்புச் சாம்பலைக் கரைத்து அவர் அழுவதை நினைத்ததும் என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அன்று மாலையே டெக்குக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

“எனக்குத் தெரியாதுங்க. எலும்புத்தூள்னு நெனச்சி இந்தச் செடிக்குப் போட்டுட்டேன்.”

“முழுக்கவோ?”

“முழுசா.”

கத்துவார், ஈப்போவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு கொத்துப் பூவைப் பறிக்காமல் உள்ளங்கையில் ஏந்தினார்.

“அதுதானே பாத்தன்,” என்றார்.

மறுநாள் டிக்கெட்டை ரத்து செய்தார்.

இப்போது முல்லைக்கு நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. விடிந்ததும் அவரே டெக்குக்குப் போய்விடுகிறார். முதல் நாள் பேச்சுக்குரல் கேட்டு, போனில் யாரோ என்றுதான் நினைத்தேன். போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. வேலை, முதுகுவலி, மழை, நான் வைத்த குழம்பில் உப்பில்லாதது, எல்லாம் சொல்கிறார். சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் இதுவரை கேட்டதே இல்லை. பொறாமையில் வயிறு எரிகிறது. கராஜில் கிடந்தவளைத் தூக்கிவந்து ஜன்னலில் குடிவைத்தவள் நான்தானே, யாரை நோவது?

இன்று காலை தேநீரோடு போனேன். கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவர் ஏதோ கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஓம், ஓம், நீ சொல்லுறது சரிதான்,” என்றார்.

கதவைத் திறந்தேன். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.