களிம்பு பூசிய கை

ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்த நேரம். வருஷம் அறுபத்து நான்கு. காலை ஆறு மணிக்கு சிராங்கூன் ரோட்டிலிருந்து லாரி எங்கள் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும். சிமெண்டு கலப்பதும் சுமப்பதும் வேலை. சிமெண்டுத் தண்ணீர் பட்டால் தோல் அரிக்கும், வெடிக்கும். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப் போயிருந்தது.

ஒரு திங்கட்கிழமை தனசேகரன் என்பவர் டப்பாக்களோடு வந்தார். களிம்பு செய்கிற ஒரு கம்பெனியின் ஆள். வெள்ளைச் சட்டை.

"தேங்காய் எண்ணெய், மஞ்சள், எலுமிச்சைத் தோல்ல எடுத்த எண்ணெய். எல்லாம் செடிகொடிதான், ஒரு கெடுதலும் வராது. இடது கையில முழங்கை வரைக்கும் பூசுங்க. வலது கையைச் சும்மா விட்டுடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து ரெண்டு கையையும் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எங்களில் மூத்தவரான செல்லக்கண்ணு அண்ணன் டப்பாவைத் திறந்து முகம் சுளித்தார்.

"புது மருந்தை முதமுதல்ல இடது கையிலயா வைப்பாங்க? கழுவுற கைடா அது. பாய், நீங்க சொல்லுங்க."

அப்துல் அஜீஸ் பாய் அதற்குள் பிஸ்மி சொல்லி வலது கையில் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

மேஸ்திரி சேதுபதி சிரித்தார். "ஏதோ ஒரு கை லா. பூசிட்டு மம்பட்டியை எடுங்க."

ஒன்பது பேரும் வலது கையில்தான் பூசினோம். நானும்தான். அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் கை சிவந்தது. பிறகு கொப்புளம். கொப்புளம் உடைந்த இடத்தில் கறுப்புக் கோடுகள், களிம்பு வழிந்த தடம் எப்படியோ அப்படியே. மேஸ்திரியிடம் காட்டினோம்.

"சோத்துக் கைதானே அதிகம் வேலை செய்யுது, சிமெண்டு தின்னுருக்கும். விடாம பூசுங்க" என்றார். மற்றவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது.

எனக்குப் படவில்லை. இருபது வருஷமாகச் சிமெண்டு என் கையைத் தின்கிறது. அது விரல் இடுக்கில் தொடங்கும். கோடு போட்டுத் தின்னாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. சிமெண்டும் இல்லை. களிம்பைக் காசளவு எடுத்து இடது மணிக்கட்டில் பூசினேன். இன்னொரு காசளவைச் சட்டைக் கைக்குள் மறைவாகப் பூசினேன். நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்சந்தில் ஒரு பலகை போட்டு, மதியம்வரை வெயிலில் உட்கார்ந்தேன்.

துணி காயப் போட வந்த பக்கத்து வீட்டு ரத்தினம்மா நின்று பார்த்தாள். "என்னண்ணே, கருவாடா காயுறீங்க?"

"ஆமா தாயி. நல்ல விலைக்குப் போவேனான்னு பாக்கிறேன்."

"இந்த எலும்பை யாரு வாங்குவா?" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

செவ்வாய்க்கிழமை மணிக்கட்டில் கொப்புளம் வந்தது. சட்டைக்குள் இருந்த இடம் பழையபடியே இருந்தது. களிம்பும் வெயிலும் சேர்ந்துதான் கையைச் சுட்டிருக்கின்றன. செல்லக்கண்ணு அண்ணனிடம் காட்டினேன். அன்றோடு எல்லோரும் பூசுவதை நிறுத்தினோம். மேஸ்திரியிடமும் சொன்னேன். "பெரிய டாக்டரு" என்றார்.

சொன்னபடி தனசேகரன் வந்தார். வரிசையாக நின்று கைகளை நீட்டினோம். என் இடது மணிக்கட்டின் காசளவு கொப்புளத்தை அவர் கவனிக்கவில்லை. முகம் மலர்ந்தது.

"பாருங்க மேஸ்திரி. மருந்து பூசின இடது கை எப்படி இருக்கு, பூசாத வலது கை எப்படி இருக்கு. அடுத்த மாசம் கடைக்கு வந்துரும். கைக்குழந்தைக்குக்கூடப் பூசலாம்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். தனசேகரன் அச்சடித்த ஒரு தாளை எடுத்து மரப்பெட்டி மேல் வைத்தார். பக்கத்தில் ரேகை வைக்க மை டப்பா.

எனக்கு எழுத்து வந்தது நாற்பது வயதுக்கு மேல், தொழிலாளர் சங்கத்து இரவு வகுப்பில். மெதுவாகத்தான் வாசிப்பேன். எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டு வாசித்தேன். 'இடது கையில் களிம்பு பூசிக்கொண்டேன். எந்தக் கெடுதலும் ஏற்படவில்லை.'

"இது பொய்ங்க. நாங்க பூசினது வலது கை."

"என்ன?"

"புண்ணா இருக்கே, இந்தக் கை. இதுலதான் பூசினோம். மேஸ்திரிக்குத் தெரியும்."

மேஸ்திரி என் அருகில் வந்தார். "மருதப்பா, நாளைக்கு லாரியில உனக்கு இடம் வேணுமா வேணாமா?"

"வேணும். அதுக்காக எவன் பிள்ளை தோலையோ எழுதிக் குடுக்க மாட்டேன்."

மணிக்கட்டுக் கொப்புளத்தைத் தனசேகரனிடம் காட்டி, ஞாயிற்றுக்கிழமை செய்ததைச் சொன்னேன்.

"செடிகொடிப் பொருள்ப்பா. எப்படிச் சுடும்?" என்றார்.

"எருக்கம்பாலும் செடியில வர்றதுதான். கண்ணுல விட்டுக்குவீங்களா?"

செல்லக்கண்ணு அண்ணன் சிரித்துவிட்டார். நான் தாளைத் திருப்பி, பையிலிருந்த பென்சில் துண்டால் பின்பக்கம் எழுதினேன். வலது கையில் பூசினோம். புண் வலது கையில். பூசாத இடது கை நன்றாக இருக்கிறது. கீழே என் பெயர். கடைசி எழுத்து முடியுமுன் மேஸ்திரி தாளைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார்.

காலிச் சிமெண்டு மூட்டை ஒன்று கிடந்தது. அதை உதறி, உள்தாளை உரித்துப் பெட்டிமேல் விரித்தேன்.

"கிழிங்க மேஸ்திரி. இன்னிக்கு நாப்பது மூட்டை பிரிச்சிருக்கோம்."

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை சேதுபதி சொன்ன 'ஏதோ ஒரு கை' என்பதையும் சேர்த்தேன். செல்லக்கண்ணு அண்ணன் வந்து மை டப்பாவில் விரலை வைத்தார்.

"அண்ணே, ரேகை இடது கட்டைவிரல்ல வைக்கணும்" என்றார் மேஸ்திரி.

"அன்னிக்கு ஏதோ ஒரு கைன்னியே, இப்ப மட்டும் என்ன?" என்று சொல்லிவிட்டு அண்ணன் புண்பட்ட கையின் விரலையே அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டார். அஜீஸ் பாய் அடுத்து. பிறகு மற்றவர்கள், ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை.

தாளைத் தனசேகரனிடம் நீட்டினேன். சிமெண்டுத் தூள் அவர் சட்டையில் கொட்டியது. வெகு நேரம் வாசித்தார். பின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பூசி எத்தனை நாள்ல சிவந்தது?"

"மூணாம் நாள்" என்றேன். "எழுதுங்க. நான் பாக்கிறேன்."