பச்சமுத்து வண்டியின் கரும்புகை

பச்சமுத்துவின் பழைய பிக்கப் வண்டி உறுமினால் விருத்தாசலத்தில் காக்காய்க்குக்கூட இருமல் வரும். ஊர் பொறுத்துக்கொண்டது. ஆனால் அன்று காலை அது கக்கிய கரும்புகை, அவன் மனைவி சிவசங்கரி விற்பனைக்குச் செய்து வாசலில் காயவைத்திருந்த நூறு வெள்ளைக் களிமண் பிள்ளையார்மேலும் போய்ப் படிந்தது. எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்?

"ஏங்க, சாயங்காலத்துக்குள்ள புகை சர்டிபிகேட்டு என் கையில இருக்கணும். இல்லன்னா நாளைக்கு வண்டி காயலான் கடைக்குப் போவும்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். போன வருடம் அவன் ஆசை ஆசையாக வைத்திருந்த ரேடியோ அப்படித்தான் போயிற்று.

பச்சமுத்து போய் வண்டியைத் தடவிக் கொடுத்தான். பதினேழு வருடமாக அகல் விளக்கும் பொம்மையும் சுமந்து சோறு போட்ட வண்டி. அதைச் சம்மட்டியால் உடைப்பார்கள் என்று நினைத்தாலே அழுகை வந்தது.

ஜங்ஷன் ரோட்டில் சனாவுல்லா பாய் பட்டறைக்கு ஓட்டிப் போனான். பாய் டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றிப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். புகை அடங்கவில்லை. பச்சமுத்து டீசல் பங்க்காரனைத் திட்டினான், ரோட்டைத் திட்டினான். பாய், இஞ்சினுக்குக் காற்றை வடிகட்டும் ஏர் பில்டர் மூடியில் கை வைத்ததும் குறுக்கே விழுந்தான்.

"அத வுடுங்க பாய்! அத நானே கொழந்த மாரி பாத்துக்குறேன்."

"அந்தக் கொழந்தையயுந்தான் பாப்பமே."

மூடியைத் திறந்தார். பில்டரைச் சுற்றி எட்டு மடிப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டித் துணி. வீட்டில் பொம்மை வார்க்கப் பீங்கான் கூழ் வடிகட்டும் துணி அது.

"என்னாப்பா இது?"

"மண்ணுத் தூசி உள்ள போவக்கூடாதுல்ல? நைசா வடிகட்டுனாத்தான பாய் பளபளப்பு வரும்?"

"யா அல்லா! கூழுக்குச் சரி. இஞ்சினு மூச்சு வுட வாணாமா? ஒம் மூஞ்சில தலவாணிய வச்சி அமுக்குனா நீ பளபளன்னா இருப்ப?"

துணி போனது, புது பில்டர் வந்தது, புகை நின்றது. புகைப் பரிசோதனையும் முடிந்து மூன்று மணிக்கு சர்டிபிகேட் கையில். "பாய், வூட்டுல கேட்டா நாசிலு கோளாறுன்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

சிவசங்கரி காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டியைக் கிளப்பச் சொல்லி சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைப் பிள்ளையாரைக் காட்டினாள். வெள்ளையாகவே இருந்தார். "பரவால்ல, பொழச்சுது" என்று சூடாக வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள்.

முதல் கடி கடிக்கும்போது அவள் செல்போன் அடித்தது. வேப்பூரிலிருந்து அவள் தம்பி கொளஞ்சிநாதன். வாங்கி இரண்டே மாசமான லோடு ஆட்டோ கரும்புகையாய்க் கக்குகிறதாம், இஞ்சினையே பிரிக்கவேண்டும் என்கிறார்களாம். தேம்பித் தேம்பி அழுதான்.

பச்சமுத்து கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். போன வாரம் மச்சான் வந்திருந்தபோது அந்த ஆட்டோவுக்கும் அன்பாகத் துணி கட்டிவிட்டிருந்தான். மச்சானாயிற்றே என்று பத்து மடிப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் தன் வண்டி தப்பிக்கும். ஆனால் பையன் அழுகிறானே!

"பில்டர்ல துணி கட்டியிருக்கும், அத அவுக்கச் சொல்லு" என்றான்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னான். சிவசங்கரி தம்பியிடம் விவரம் சொல்லி போனை வைத்தாள். பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் யாரு யாரு வண்டிக்குக் கட்டி வுட்டீங்க?"

பச்சமுத்து எண்ணெய் விரலை ஒவ்வொன்றாக மடக்கினான். ஒரு கை முடிந்து அடுத்த கை தொடங்கியதும் சிவசங்கரி எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எடுங்க வண்டிய. அவுங்கல்லாம் இஞ்சினப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வூடாப் போயி அவுத்துட்டு வருவோம்."